பனியை உதறும் சத்தம்

பக்கத்து வீட்டில் இருந்த பின்லாந்துக்காரியை அவருடைய வீட்டை விட்டுக் கிளப்பியது நான்தான். கையைப் பிடித்து இழுத்து வெளியே விடவில்லை. என் வீட்டுக் கதிரையில் இருந்து, தேநீர் குடித்தபடி, ஒரு இளம்பெண் கேட்ட கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னேன். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அது போதுமாக இருந்தது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மெல்பேர்ண் புறநகரான ரோவிலில் எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் 'பின்லாந்து அன்ரி' என்பார்கள். என் மனைவி 'அக்கா' என்றாள். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய மொழியில் அக்கா என்றால் கிழவியாம். மனைவி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். "மாற்றாதே, சரியாகத்தான் கூப்பிடுகிறாய்" என்றார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே அதைத் தமிழில் ஒட்டவைத்து எழுதுகிறேன்.

2009இல் நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்தோம். வந்த கிழமையே மனைவி வடை சுட்டு, ஒரு தட்டில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். நான் மணியை அழுத்தக் கையை உயர்த்தினேன். கதவு ஏற்கெனவே ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே குசினி மேசையில் மூன்று கோப்பைகள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கோப்பி. ஏலக்காய் போட்டுப் பின்னிய பாண் ஒன்று வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

"வேறை ஆரோ வருகினம் போல. பிறகு வருவம்" என்று மனைவி என் காதில் சொன்னாள்.

"இருங்கள், இருங்கள். உங்களுக்குத்தான். நீங்கள் வந்து எவ்வளவோ நேரம்" என்றார் அவர்.

எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் அந்த நிமிடம்தான் வந்திருந்தோம்.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். எத்தியாய்னென். முதல் அசையில் ஊன்றி, மிச்சத்தை விரைவாக விட்டுவிடவேண்டும். மூன்று தரம் சொல்லிப் பழகினேன். நான் நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளனாக இருந்தவன். சொல் ஒன்று புதிதாக வந்தால் அதன் வேரைப் பார்க்காமல் விடமாட்டேன்.

'முன்' என்பதற்கான அவர்கள் சொல்லிலிருந்து அது பிறந்தது. முன்னால் வருவது. ஒரு மனிதன் வீட்டுக்கு வந்து சேருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவனுடைய வருகையின் சத்தம் வந்து சேரும். படியில் காலடி, தாழ்ப்பாள், தொண்டையைச் செருமுவது. போய்க் கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. அரை மணி கழித்து அதே காலடி, அதே தாழ்ப்பாள், அதே செருமல், இந்தமுறை ஆளோடு.

"எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காடு. ஆண்கள் மரம் வெட்டப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பு மூளவே நேரம் வேண்டும். வீட்டுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லத்தானே வேண்டும்?" என்றார். தபால்காரனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் நூலகத்துக்குப் போய்த் தேடினேன். அவருடைய நாட்டிலேயே அது பழைய சொல்லாகிவிட்டது. ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. சில இடங்களில் சத்தம் மட்டுமல்ல, ஆளின் உருவமே முன்னால் வரும். சில இடங்களில் அது ஒருவரோடு பிறந்து அவருக்கு முன்னே நடக்கும் காவல். நகரத்துக்காரர்கள் அதைச் சாவுக்குறி, ஆவி என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். இவற்றையெல்லாம் அவரிடம் கொண்டுபோய் ஒப்புவித்தேன்.

"புத்தகம் எழுதியவர் யாருக்கும் கோப்பி போட்டிருக்கமாட்டார்" என்றார்.

தமிழில் அதற்கு ஒரு சொல் தேடினேன். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்கிறோமே, அதுதானே இது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அது காகத்தின்ரை அலுவல். ஆரோ வருகினம் எண்டு சொல்லும், ஆரெண்டு சொல்லாது. இது வாற ஆளின்ரை அலுவல். ரண்டையும் ஏனப்பா குழைக்கிறியள்?"

"அப்ப தமிழிலை என்ன சொல்லுறது?"

"எல்லாத்துக்கும் ஒரு சொல்லு வேணுமே உங்களுக்கு? மனம் முந்தி வந்திடும், கால் பிந்தி வரும். அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். காரை அடுத்த தெருவில் விட்டேன். பாதையால் வராமல், புல்லின்மேல் பூனைபோல நடந்து, அவருடைய வீட்டுப் பின்பக்கம் வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. அவர் குசினியில் எனக்கு முதுகைக் காட்டியபடி கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போகிறது. அந்தத் தெருவில் காரை விட்டுவிட்டு என்ன செய்துகொண்டிருந்தாய்?"

நான் அசடு வழிந்தேன். என்ன சத்தம் கேட்டது என்று கேட்டேன். "வழக்கமானதுதான். படியில் நின்று சப்பாத்தைத் தட்டிப் பனியை உதறினாய்."

இதைத்தான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. ரோவிலில் பனி கொட்டுவதில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டாகியிருந்தது. ஆனாலும் அவரிடம் வரும் எல்லோரும் முதலில் பனியை உதறினார்கள். தபால்காரன் உதறினான். குழாய் திருத்த வந்த வியட்நாமியன் உதறினான். என் மகன் மெல்பேர்ண் கோடையில், அரைக்காற்சட்டையோடு, வெறுங்காலில் வந்து உதறினான். மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "என்ரை சத்தமும் பனியை உதறிப்போட்டுத்தான் வருதோ அக்கா?" என்று கேட்பாள். "நீதான் எல்லோரையும்விட அழகாக உதறுகிறாய்" என்பார் அவர்.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி மகனுடைய காரில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவாள். திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள். நேரே அக்கா வீட்டுக்கு. வீதி நெரிசலில் பிந்தினாலும், பூசை முந்தினாலும், கோப்பி சரியான சூட்டில் இருக்கும். நெற்றியில் திருநீற்றோடு அவளும், கழுத்தில் சின்னச் சிலுவையோடு அவரும் குசினிக்குள் இருந்து கதைப்பார்கள். ஒருத்திக்கு ஆங்கிலம் குறைவு, மற்றவருக்கும் குறைவு. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்பது சிரிப்பு மட்டும்தான்.

2010 குளிர்காலத்தில் மனைவிக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்கு விடலாம் என்றும் சொன்னார்கள். ஒரு நாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பின்லாந்துக்காரர் வந்து என் கதவைத் தட்டினார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அரிது. முகம் வெளிச்சமாக இருந்தது.

"உன் மனைவி வருகிறார். கேட்டது. தண்ணீர் வை."

"இன்று விடுவதாக அவர்கள் சொல்லவில்லையே."

"அவர்கள் சொல்லாவிட்டால் என்ன? நான் கேட்டேன். இந்தமுறை பனி இல்லை. செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து நடப்பாரே, அப்படி. உன் வீட்டுப் படியில்."

மனைவி வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு. இடதுகாலை இழுத்து நடப்பாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது பயத்தால் அல்ல, மகிழ்ச்சியால். அவர் சொன்னது ஒருமுறையும் பிழையானதில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகன் கூட்டிவருவான், அவளுக்கு வீட்டை ஒழுங்குசெய்து வைப்போம் என்று இருந்துவிட்டேன். கட்டில் விரிப்பை மாற்றினேன். கூட்டினேன். அவளுக்குப் பிடித்தபடி உப்புக் குறைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது மகன் தொலைபேசியில் அழைத்தான். அவனால் கதைக்க முடியவில்லை. ஒரு தாதிதான் சொன்னாள்.

நான் போயிருந்தால் கடைசி நேரத்தில் அவளுடைய பக்கத்தில் இருந்திருப்பேன். கஞ்சிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

செத்தவீட்டுக்கு அவர் ஏலக்காய்ப் பாணோடு வந்தார். கதவடியில் நின்று என் கையைப் பிடித்தார்.

"வந்தார்தான். நான் பொய் சொல்லவில்லை. அவர் வந்தார்."

கையை உருவிக்கொண்டு, சனங்கள் பார்த்திருக்க, கதவைச் சாத்தினேன்.

அதன்பிறகு பல மாதங்கள் நாங்கள் பேசவில்லை. ஒரு நாள் நான் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு மேலால் அவருடைய வெள்ளைத் தலை தெரிந்தது. மெலிந்துபோயிருந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் கோப்பி வைத்துவிட்டுக் கதவடியில் நிற்கிறேன். உள்ளே வருகிறாரில்லை. ஏனென்று உனக்குத் தெரியுமா?"

நான் ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். என்னிடம் அவள் வரவில்லை. வீடு முழுக்க இருந்து கேட்டுப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிறாளாம். அன்றைக்கு என்னுள் இருந்தது துக்கம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொறாமை.

அந்தக் கோப்பிச் சட்டி ஒரு வெள்ளிக்கிழமை எரிந்துபோனது. அவர் கதவடியில் காத்து நின்றிருக்கிறார், சட்டி அடுப்பில் வற்றிக் கருகியிருக்கிறது. புகையைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பைக் கூப்பிட்டார். சுவர் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். ஆனால் சிட்னியிலிருந்து மகள் பறந்து வந்தாள். அவர் இனித் தனியே அந்த வீட்டில் இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு மதிப்பீட்டாளர் வந்தாள். அந்தப் பெண்ணிடம் பின்லாந்துக்காரர்தான் சொன்னாராம்: "என் பேச்சு உங்களுக்கு விளங்காது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பேசுகிறவர்."

மதிப்பீட்டாளரும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் கொடுத்தேன்.

"ஆட்கள் வரும் சத்தம் கேட்பதாகச் சொல்கிறார். நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?" என்று மதிப்பீட்டாளர் கேட்டாள்.

"ஓம். பலமுறை."

"அங்கே இல்லாத ஆட்களின் சத்தமா?"

"அவர் கேட்கும் நேரத்தில் அங்கே ஒருவரும் இருப்பதில்லை."

"அப்போது என்ன செய்வார்?"

"கதவைத் திறந்துவைப்பார். அடுப்பை மூட்டுவார்."

"இறந்தவர்களின் சத்தமும் கேட்கிறதா?"

"என் மனைவியின் சத்தம் கேட்கிறது."

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு, மனைவிக்காக அனுதாபம் தெரிவித்தாள். நல்ல பிள்ளை. ஒரு வசனம் மிச்சம் இருந்தது. 'ஆனால் அவர் கேட்ட பிறகு ஆட்கள் வந்தார்கள், ஒவ்வொருமுறையும் வந்தார்கள்' என்ற வசனம். அது என் நாக்கில் வந்து நின்றது. கூட்டாதே, குறைக்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் சத்தியம். நான் தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே அவரைக் கொண்டுபோனார்கள். காரில் ஏறமுன் அவர் என் வீட்டுப் பக்கம் பார்த்துக் கையசைத்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

2012இல் நான் ஒரு விசாரணைக்கு உரைபெயர்க்கப் போனேன். படகில் வந்த ஒரு அகதி இளைஞனுடைய வழக்கு. யார், எவர் என்று சொல்லக்கூடாது. காணாமற்போன தம்பியைப் பற்றிக் கதை வந்தது.

"அம்மா ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சோறு போட்டு மூடி வைப்பா. சைக்கிள் சத்தம் கேட்குது, வாறான் எண்டு சொல்லுவா" என்றான் அவன். நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி கேட்டார்: "அவர் வந்தாரா?"

அதைத் தமிழில் கேட்டேன். அவன், "இல்லை" என்றான். அதையும் சொன்னேன்.

மதிப்பீட்டாளர் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை என்று அதுவரை என்னைத் தேற்றிவைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பொடியனுக்கு ஒரு சொல்லும் சிந்தாமல் பார்த்துக்கொண்ட நான், மனைவி அக்கா என்று கூப்பிட்டவருக்கு அதைச் செய்யவில்லை. அன்று ரயிலில் வரும்போதே பின்லாந்துக்காரருடைய மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். மனைவி செத்த நாள், என் கோபம், நான் விழுங்கிய வசனம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் பால் சூடாக இருக்கும். ஒருநாளும் ஆறியிருந்ததில்லை. ஆனால் சிட்னியில் இருந்துகொண்டு அடுத்தமுறை வீடே எரிந்ததென்று கேட்க என்னால் முடியாது. அம்மாவால் தனியே இருக்கமுடியாதென்று யாராவது சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் சொன்னீர்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அவள் நல்லவள். வீட்டை இன்னும் விற்கவில்லை. மறுமதிப்பீடு கேட்கச் சம்மதித்தாள். தாயார் வீடு திரும்பலாம் என்று அவர்கள் சொன்னால் பகலில் ஒரு உதவியாளரை வைத்து, மின்னடுப்புப் போட்டுக்கொடுப்பதாகச் சொன்னாள். நானும் காலை மாலை போய்ப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த இல்லம் துப்புரவானது. நிலம் முழுக்கத் தடித்த கம்பளம். கதவுகள் தாமாகத் திறந்து தாமாக மூடின. ஒருவருடைய நடையும் ஒருவருக்கும் கேட்காது. அவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஆங்கிலம் முக்கால்வாசி போய்விட்டது, சத்தங்கள் கேட்காமலிருக்க மாத்திரை கொடுக்கிறோம் என்று தாதி சொன்னாள். புது மதிப்பீட்டாளர் நடுவயதுக்காரர், பொறுமையானவர். இந்தமுறை அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. சொல்லின் பொருளைச் சொன்னேன். வடையோடு போன நாளைச் சொன்னேன். புல்லின்மேல் நடந்து பிடிபட்டதைச் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள் என்றேன். ஒருவர் மட்டும் வரவில்லை, அவர் வர முடியாதவர், அதற்கு இவர் என்ன செய்வார் என்றேன்.

மதிப்பீட்டாளர் என்னை அன்பாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாட்சிக்கு மனம் தளும்பிவிட்டது என்று நீதிபதி நினைக்கும்போது பார்க்கும் பார்வை. பிறகு குனிந்து, பின்லாந்துக்காரரிடம் நிறுத்தி நிறுத்தி, உரத்துக் கேட்டார்.

"ஆட்கள் வருவதற்கு முன்னால் உங்களுக்குச் சத்தம் கேட்குமா? இங்கே வந்தபிறகு கேட்டிருக்கிறீர்களா?"

அவர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று. அவர் உதட்டை நனைத்துக்கொண்டு, தெளிந்த ஆங்கிலத்தில், "இல்லை" என்றார். "முன்னால் ஒருவரும் வருவதில்லை. ஒருவரும் இல்லை."

வீட்டுக்குப் போவதற்கு அதுதான் சரியான பதில் என்று நினைத்துச் சொன்னாரோ, உண்மையாகவே கேட்காமற் போய்விட்டதோ, தெரியாது. ஒருவரும் என்பதில் என் மனைவியும் அடங்குவாள். அதை நான் அங்கே நின்றபடியே விளங்கிக்கொண்டேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இடமும் ஒத்துப்போயிருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று முடிவு வந்தது. வீடு விற்கப்பட்டது. வாங்கிய குடும்பத்தார் பின்கதவை அடைத்துவிட்டு அந்த இடத்தில் யன்னல் வைத்தார்கள்.

நான் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். இந்த 2013லும் தவறவில்லை. அறைக் கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, கதிரைக்குப் பின்னால் போகாமல், அவர் கண்ணில் படும்படி சுவரோரமாக மெல்ல நடந்து எதிரே போகிறேன். என்னைக் கண்டதும் அவர் உடம்பு தூக்கிப்போடுகிறது. கை கதிரையின் சட்டத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அடையாளம் கண்டு, மூச்சை விட்டு, சிரிக்கிறார்.

"அவர் பயப்படுகிறார். புறப்படும்போது எங்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று நாங்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்" என்றாள் தாதி.

அப்படியே செய்கிறேன். அவர்களும் சொல்லிவைக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொருமுறையும் திடுக்கிடுகிறார்.